கண்ணாடிக் கலைஞர் டிஃபனி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெருநகரமாகிய நியூயார்க்கில் 1837-ஆம் ஆண்டில் சார்லஸ் டிஃபனி என்னும் வணிகர் ஒரு கடை திறந்தார். எழுதுபொருள்களும் சிறு அழகுப் பொருள்களும் விற்கத் தொடங்கிய அக்கடை, சில ஆண்டுகளுக்குள் வெள்ளிக் கலன்களுக்கும் வைர அணிகளுக்கும் நாடெங்கும் பேர்பெற்ற நிறுவனமாக உயர்ந்தது. அவ்வணிகரின் மகனாக 1848-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள் பிறந்தவரே லூயி கம்ஃபர்ட் டிஃபனி. தந்தையின் தொழிலை மைந்தன் மேற்கொள்வான் என்றே அனைவரும் எண்ணியிருந்தனர். மைந்தனோ வைரத்தினும் வண்ணத்தையே பெரிதாக மதித்தார். கல்லூரிக் கல்வியை நாடாது, ஜார்ஜ் இன்னஸ் என்னும் நிலக்காட்சி ஓவியரிடம் சென்று தூரிகை பிடிக்கக் கற்றார். செல்வர் வீட்டுப் பிள்ளை பணம் பெருக்கும் வழியை விட்டுப் படம் வரையச் சென்றது அக்காலத்து நியூயார்க்கில் வியப்பாகவே பேசப்பட்டிருக்கும்.

1870-ஆம் ஆண்டில் அவர் ஓவிய நண்பர் ஒருவருடன் ஸ்பெயினுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் பயணம் புறப்பட்டார். மொராக்கோவின் கடைத்தெருக்களும் கெய்ரோவின் பள்ளிவாசல்களும் அவர் கண்ணுக்குப் புதியதோர் உலகைத் திறந்து காட்டின. மேலை நாட்டு ஓவியர் பலர் நிழலையும் மங்கலையும் போற்றிய காலம் அது. கீழை நாட்டாரோ உடையிலும் சுவரிலும் விளக்கிலும் நிறத்தை அஞ்சாது அள்ளித் தெளித்திருந்தனர். வண்ணம் என்பது வடிவத்தின்மேல் பூசப்படும் வெறும் மேற்பூச்சன்று, அதுவே பொருளின் உயிர் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றிற்று. ஓவியராகவே அவர் ஊர் திரும்பினார். ஆயினும் திரைச்சீலையும் எண்ணெய் வண்ணமும் அவருக்குப் போதவில்லை. ஒளி ஊடுருவிச் செல்லும்போது மட்டுமே நிறம் தன் முழு அழகையும் காட்டும் என்று அவர் கருதினார். அதற்கு ஏற்ற பொருள் கண்ணாடி ஒன்றே.

அந்நாளில் தேவாலயங்களின் பலகணிகளுக்கெனச் செய்யப்பட்ட கண்ணாடி பெரும்பாலும் தெளிந்த தட்டையான தகடாகவே இருந்தது. முகமும் ஆடைமடிப்பும் காட்ட வேண்டின், அதன்மேல் சாயம் தீட்டிச் சூளையிற் சுடுவர். தீட்டிய இடத்தில் ஒளி தடைப்பட்டுக் கண்ணாடி குருடாகிவிடும். டிஃபனி இம்முறையை வெறுத்தார். நிறமும் நிழலும் மடிப்பும் கண்ணாடியின் உள்ளேயே விளைய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் கண்ணாடித் தொழிற்சாலைகள் மாசு நீக்கிய தூய கண்ணாடி செய்வதையே பெருமையாகக் கொண்டிருந்தன. அவருக்கு வேண்டியதோ அந்த மாசுதான்! பழப்பாகு அடைத்து விற்கப்பட்ட மலிவான குப்பிகளையும் மட்டமான புட்டிகளையும் அவர் விரும்பி ஆராய்ந்தார். நன்கு தூய்மை செய்யப்படாத மணலில் கலந்திருந்த உலோகத் துகள்கள் அக்குப்பிகளுக்கு அரிய நிறச்சாயலைத் தந்திருந்தன.

இதே காலத்தில் ஜான் லா ஃபார்ஜ் என்னும் மற்றோர் ஓவியரும் பால்போல் மங்கிப் பல நிறம் காட்டும் கண்ணாடியை ஆராய்ந்து வந்தார். 1880-ஆம் ஆண்டில் லா ஃபார்ஜும், அடுத்த ஆண்டில் டிஃபனியும் அரசிடம் புனைவுரிமை பெற்றனர். யார் முந்தியவர் என்னும் பிணக்கு இருவரிடையேயும் மாறாத கசப்பை விளைத்தது. பட்டயத்தின் நாளை நோக்கின் லா ஃபார்ஜே முந்தியவர் எனல் வேண்டும்.

கண்ணாடியை மட்டுமன்றி, வீட்டின் உட்புறம் முழுவதையும் ஒரே கலைப்பொருளாக ஆக்க வேண்டும் என்னும் வேட்கை டிஃபனிக்கு எழுந்தது. 1879-ஆம் ஆண்டில் அவர் மூவரைத் துணைக்கொண்டு ஒரு கூட்டுத் தொழில் தொடங்கினார். நெசவிலும் பூத்தையலிலும் வல்லவரான கேண்டஸ் வீலர் அம்மையார் ஒருவர். வண்ணங்களை இசைவிக்க அறிந்த முதிய ஓவியர் சாமுவேல் கோல்மன் மற்றொருவர். மூன்றாமவரே லாக்வுட் டி ஃபாரஸ்ட். இவரால்தான் நம் நாட்டுக் கைவினை டிஃபனியின் வரலாற்றில் இடம்பெறுகிறது.

டி ஃபாரஸ்ட் 1881-ஆம் ஆண்டில் தம் புதுமனைவியுடன் இந்தியாவுக்கு வந்தார். அகமதாபாத் நகர வீதிகளில் நடந்தபோது, வீடுகளின் முகப்பிலும் மாடத்திலும் தூணிலும் தேக்கு மரத்தில் செதுக்கப்பட்டிருந்த கொடியும் பூவும் பறவையும் அவரை நிறுத்திவைத்தன. பழைய பள்ளிவாசல்களின் கற்சாலேகங்கள், கல்லோ சரிகையோ என ஐயுறச் செய்தன. அவற்றுள் 1573-ஆம் ஆண்டளவில் கட்டப்பெற்ற சீதி சையத் பள்ளிவாசலில், பின்னிப் பிணைந்த கிளைகளையுடைய மரமொன்று ஒரே கற்சாளரத்தில் விரிந்து நிற்பதை இன்றும் காணலாம். இத்தகைய வேலையைச் செய்யவல்ல தச்சர் குடும்பங்கள் அந்நகரில் அப்போதும் இருந்தன. எனினும் ஆலைச் சரக்கு பெருகிய அந்நாளில் அவர்கள் திறத்துக்கேற்ற வேலை அருகி வந்தது. அந்நகரத்துச் சமண வணிகக் குடும்பத்தினரான மகன்பாய் ஹட்டீசிங்குடன் சேர்ந்து டி ஃபாரஸ்ட் அங்கே ஒரு மரச்செதுக்குப் பட்டறையை நிறுவினார். தச்சர்கள் தங்கள் மரபு வழியே செதுக்கினர். செதுக்கிய பலகைகளும் நாற்காலிகளும் ஊஞ்சல்களும் கப்பலேறி நியூயார்க்கை அடைந்தன.

மரத்தோடு உலோகமும் சென்றது. மெல்லிய பித்தளைத் தகட்டில், பழைய கற்சாலேகங்களின் கோலங்களை வரைந்து துளையிட்டு, அத்தகடுகளைக் கூரையின் அடிப்புறத்திலும் சுவரிலும் பதிக்கும் முறையை டி ஃபாரஸ்ட் அமெரிக்காவில் பரப்பினார். விளக்கொளி படும்போது அப்பித்தளை பின்னல் வேலைபோல் மின்னும். நியூயார்க்கில் கிழக்குப் பத்தாம் தெருவில் அவர் 1887-ஆம் ஆண்டளவில் கட்டிக்கொண்ட வீட்டின் முகப்பில் அகமதாபாத்துத் தேக்குச் செதுக்கு மாடம் ஒன்று வெளியே நீண்டு நிற்கிறது. நூற்றாண்டுக்கு மேலான பனியும் மழையும் அதன் அழகைக் கெடுக்கவில்லை. அதைச் செதுக்கிய தச்சர்களின் பெயரைத்தான் வீதியிற் செல்வோர் அறியார்.

நால்வரின் கூட்டு நான்கே ஆண்டுகள் நிலைத்தது. அந்நான்கு ஆண்டுகளில் அவர்கள் செய்த வேலைகள் பெயர்பெற்றவை. நியூயார்க்கில் ஏழாவது படைப்பிரிவின் மாளிகையில் மூத்த வீரர்களுக்கென அவர்கள் அமைத்த கூடத்தில் தூண்களைச் சுற்றி இரும்புச் சங்கிலி பிணைக்கப்பட்டது. கணப்பைச் சுற்றி நீலப்பச்சைக் கண்ணாடி ஓடுகள் பதிக்கப்பட்டன. போர்க்களத்தின் இரும்பும் கடலின் நிறமும் ஓரறையில் அமர்ந்தன. நகைச்சுவை எழுத்தாளர் மார்க் டுவெயினின் ஹார்ட்ஃபோர்டு வீட்டையும் அவர்களே அழகுசெய்தனர். 1882-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆர்தர், வெள்ளை மாளிகையைப் புதுப்பிக்க டிஃபனியை அழைத்தார். அதன் நுழைவு மண்டபத்தில் டிஃபனி வண்ணக் கண்ணாடியால் ஒரு பெருந்திரை அமைத்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1902-இல், தியோடர் ரூசுவெல்ட் தலைவராயிருந்தபோது மாளிகை மீண்டும் புதுப்பிக்கப்பட, அத்திரை அகற்றப்பட்டது. புதுச் சுவை வந்தால் பழங்கலை வெளியேற்றப்படும் என்பதை டிஃபனி தம் வாழ்நாளிலேயே முதன்முறையாகக் கண்டது அங்கேதான்.

சர்க்கரை வணிகத்தால் பெருஞ்செல்வரான ஹாவ்மேயர் என்பார் கட்டிய மாளிகையின் உட்புற வேலையை டிஃபனியும் கோல்மனும் 1890-ஆம் ஆண்டையொட்டிச் செய்து முடித்தனர். பொருள்களையும் பண்பாடுகளையும் இணைத்தலில் டிஃபனி கொண்டிருந்த துணிவை அங்கே முழுமையாகக் காணலாம். அம்மாளிகையின் நாற்காலிகள் நிற்கும் கால்களை நோக்கின், பித்தளையால் வார்த்த பறவை நகங்கள் ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடி உருண்டையைப் பற்றிக்கொண்டிருக்கும். நகம் உருண்டையைப் பற்றும் வடிவம், மணியைக் கவ்விய சீன நாட்டுப் பறவைநாகத்தின் கற்பனையினின்று மேலை நாட்டுத் தச்சர் பெற்றது என்பர். முன்னெல்லாம் நகமும் உருண்டையும் ஒரே மரத்திற் செதுக்கப்படும். டிஃபனி நகத்தை உலோகமாக்கி, உருண்டையைக் கண்ணாடியாக்கினார். நாற்காலியைத் தரைமேல் நகர்த்தினால் கண்ணாடி நொறுங்காதோ என்று வினவத் தோன்றும். திண்ணிய உருண்டையாதலாலும், சுமையைப் பித்தளை நகங்கள் சூழ்ந்து தாங்குவதாலும் அது நொறுங்குவதில்லை. அக்காலத்தில் அவர் பட்டறையில் உருவான வேறு சில நாற்காலிகளில், நுண்ணிய மரச் சதுரங்களையும் உலோகத்தையும் நெருக்கிப் பதித்த வேலையைக் காண்கிறோம். சூரத்திலும் பம்பாயிலும் பெட்டிகள்மேல் செய்யப்படும் சதேலி என்னும் பதிப்பு வேலையே அதற்கு வழிகாட்டி.

தமக்கு வேண்டிய கண்ணாடியைப் பிறர் ஆலைகளில் வாங்கி நிறைவடையாத டிஃபனி, நியூயார்க்கின் புறத்தே கொரோனா என்னுமிடத்தில் தமக்கெனவே உலைகள் அமைத்தார். 1893-ஆம் ஆண்டில் அவ்வுலைகள் எரியத் தொடங்கின. அவற்றைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஆர்தர் நாஷ். இவர் இங்கிலாந்தில் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன ஸ்டவர்பிரிட்ஜ் வட்டாரத்தினின்று வந்தவர். எவ்வுலோகத்தை எவ்வளவு கலந்தால் எந்நிறம் பிறக்கும் என்னும் சூத்திரங்களை நாஷ் கண்போற் காத்து வந்தார். அங்கே பிறந்த கண்ணாடிக்கு ஃபாவ்ரில் என்று பெயரிட்டு, 1894-இல் அப்பெயரைப் பதிவு செய்தனர். கையாற் செய்யப்பட்டது என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லொன்றிலிருந்து திரிந்த பெயர் அது. ஆலைகள் ஒரே அச்சில் ஆயிரம் புட்டிகளை வார்த்துத் தள்ளிய காலத்தில், கையால் ஆனது என்பதையே ஒருவர் தம் வணிகப் பெயராகக் கொண்டது நினைக்கத்தக்கது.

மண்ணில் நெடுங்காலம் புதைந்து கிடந்த உரோமரின் கண்ணாடிக் குடுவைகள் தோண்டியெடுக்கப்படும்போது மயிலின் கழுத்துப்போல் நிறம் மாறி மாறி ஒளிர்வதுண்டு. மண்ணின் ஈரமும் காலமும் கண்ணாடியின் மேற்பரப்பை அரித்ததால் விளைந்த அழகு அது. பல நூற்றாண்டுகள் செய்த வேலையைச் சில நொடிகளில் செய்ய டிஃபனியின் பட்டறையினர் வழிகண்டனர். ஊதுகுழலின் முனையில் செந்தழலாக இருக்கும் கண்ணாடிமீது வெள்ளீய உப்பின் ஆவியைப் படியச் செய்தால், மேற்பரப்பில் மிக மெல்லிய படலம் தோன்றும். அப்படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியே நீலமும் பொன்னும் பச்சையுமாகத் தெரிகிறது. 1897-ஆம் ஆண்டில் உலோக வார்ப்புச் சாலையும் கொரோனாவில் எழுந்தது. கண்ணாடி ஊதுவோரும் வெண்கலம் வார்ப்போரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யவே, இரு பொருள்களின் சேர்க்கை மேலும் நெருக்கமாயிற்று. துளைகள் விட்டு வார்த்த வெண்கலக் கூட்டினுள் உருகிய கண்ணாடியை ஊதுவர். துளைதோறும் கண்ணாடி மொட்டுப்போல் புடைத்து வெளிவரும். உலோகமும் கண்ணாடியும் ஒன்றையொன்று விடாது பற்றிக்கொள்ளும். மையிருப்புப் பெட்டிகள் முதலிய மேசைப் பொருள்களில், திராட்சைக் கொடியாகத் துளைத்த உலோகத் தகட்டின் பின்னே பச்சைக் கண்ணாடி வைக்கப்பட்டது. அகமதாபாத்தின் துளைத்த பித்தளையைக் கண்டவர்களுக்கு அது அயலாகத் தோன்றாது.

பாரிசு நகரில் கீழை நாட்டுக் கலைப்பொருள்களை விற்று வந்த சிக்ஃபிரீட் பிங் என்பவர் 1894-இல் அமெரிக்கா வந்து டிஃபனியின் வேலையைக் கண்டார். பொன்னார், வுய்யார், தூலூஸ் லாத்ரெக் முதலிய இளம் பிரெஞ்சு ஓவியர்கள் வரைந்த வரைவுகளைப் பிங் நியூயார்க்குக்கு அனுப்பினார். டிஃபனியின் பட்டறை அவற்றைக் கண்ணாடிப் பலகணிகளாக்கி அனுப்பியது. 1895-ஆம் ஆண்டு பிங் புதுக்கலை என்னும் பெயருடன் பாரிசில் திறந்த கடையில் அவை வைக்கப்பட்டன. அக்கடையின் பெயரே பின்னர் ஐரோப்பாவின் ஒரு கலை இயக்கத்துக்குப் பெயராயிற்று.

எடிசன் தந்த மின்விளக்கு வீடுகளுக்குள் வந்தபோது அதன் வெறும் ஒளி கண்ணைக் கூசச் செய்தது. அவ்வொளியைத் தணிக்கும் கவிகையே டிஃபனியின் பெயரை உலகறியச் செய்தது. பலகணியில் கண்ணாடித் துண்டுகளை இணைக்கத் தடித்த ஈயப்பட்டை பயன்படும். வளைந்த கவிகைக்கு அது பொருந்தாது. ஆதலின் ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் தேன்மெழுகு தடவிய மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றி, மரத்தாற் செய்த அச்சின்மேல் அவற்றைக் கோலத்தின்படி அடுக்கி, இணைப்புகளில் ஈயப்பற்று உருக்கி ஓட்டுவர். நகத்தளவு துண்டுகளையும் இவ்வாறு இணைக்கலாம். நீலக்கொடிப் பூ விளக்கு ஒன்றிற்கு ஏறத்தாழ 2,000 துண்டுகள் வேண்டியிருந்தன. கீழே வெண்கலத்தால் மரத்தின் அடித்தண்டும் வேரும், மேலே கண்ணாடியால் தொங்கும் பூங்கொத்துகளும் அமைந்த அவ்விளக்கை, மேசைமேல் நின்ற சிறு மரம் என்றே சொல்லலாம்.

இவ்விளக்கை உருவாக்கியவர் டிஃபனி என்றே உலகம் நூறாண்டுக் காலம் நம்பியது. உண்மையில் இதைக் கற்பித்தவர் ஒஹையோ மாநிலத்தில் 1861-இல் பிறந்த கிளாரா டிரிஸ்கல் அம்மையார். 1892 முதல் அவர் பெண்கள் மட்டுமே கொண்ட கண்ணாடி வெட்டும் பகுதிக்குத் தலைவியாயிருந்தார். ஒவ்வோர் இதழுக்கும் ஏற்ற சாயலை நூற்றுக்கணக்கான தகடுகளிடையே தேர்ந்தெடுப்பதும் வெட்டுவதும் அப்பெண்களின் வேலை. 1900-ஆம் ஆண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் அம்மையார் வகுத்த தும்பி விளக்கு பரிசு பெற்றது. மணம் புரிந்துகொண்ட பெண் அந்நிறுவனத்தில் வேலையில் நீடிக்க இயலாது. அவ்விதியால் அம்மையார் ஒருமுறை நீங்கி, கணவரை இழந்தபின் திரும்பியவர். 1903-இல் ஆண் தொழிலாளரின் சங்கம் பெண்கள் பகுதியையே எதிர்த்தது. மூடிவிடாமல் அதைக் காத்தனராயினும், அதில் 27 பேருக்கு மேல் சேர்க்கலாகாது என உடன்பாடு ஏற்பட்டது. விற்பனைக்குச் சென்ற விளக்கில் டிஃபனியின் முத்திரை மட்டுமே இருந்தது. தம் பட்டறையிற் பிறந்த அனைத்தும் தம் பெயரால் வழங்க வேண்டும் என்பது அந்நாளைய வணிக வழக்கம். டிஃபனி அவ்வழக்கத்தை மீறவில்லை. அவர்தம் புகழில் இது ஒரு குறையே.

1911-ஆம் ஆண்டில், மெக்சிகோ நகரத்துக் கலை அரங்குக்கென ஒரு திரை கேட்கப்பட்டது. தீப்பற்றினால் மேடையை அடைக்கும் உலோகத் திரையின்மேல், ஏறத்தாழ பத்து இலட்சம் கண்ணாடித் துண்டுகளால் அந்நாட்டின் இரு பனிமலைகளை டிஃபனியின் பட்டறை தீட்டித் தந்தது. இருபது டன்னுக்கு மேற்பட்ட அத்திரை இன்றும் அங்கே ஏறி இறங்குகிறது.

லாங் தீவின் கடற்கரையில் டிஃபனி தமக்கென 1905-இல் கட்டி முடித்த லாரல்டன் மாளிகையில் 84 அறைகள் இருந்தன. வாயில் மண்டபத்துத் தூண்களின் தலையில் தாமரையும் பிற மலர்களும் கண்ணாடியால் மலர்ந்தன. 1918-இல் அதனை இளங்கலைஞர்கள் தங்கிப் பயிலும் இடமாக அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அதற்குள் உலகின் சுவை மாறிவிட்டது. நேர்கோடும் வெறுஞ்சுவரும் விரும்பிய புதிய தலைமுறைக்கு டிஃபனியின் மலர்கள் பாட்டி வீட்டுப் பழம்பொருளாகத் தோன்றின. 1932-இல் அவர்தம் நிறுவனம் கடனாளியாகி நொடித்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், 84-ஆம் அகவையில் அவர் மறைந்தார். ஈயத்துக்காகவும் வெண்கலத்துக்காகவும் விளக்குகளை உடைத்து உலோகத்தை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அத்தகைய விளக்குகளுள் ஒன்று 1997-இல் ஏலத்தில் 28 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

லாரல்டன் மாளிகை விற்கப்பட்டு, பேணுவாரின்றிக் கிடந்து, 1957-இல் தீக்கிரையாயிற்று. அச்செய்தி ஹியூ மக்கீன் என்பவரை எட்டியது. அவர் 1930-இல் இளம் ஓவியராக அம்மாளிகையில் தங்கிப் பயின்றவர். அவரும் அவர்தம் துணைவியார் ஜீனெட்டும் இடிபாடுகளிடையே எஞ்சியிருந்த பலகணிகளையும் தூண்களையும் விலைக்கு வாங்கிப் பெட்டி பெட்டியாகப் புளோரிடா மாநிலத்து விண்டர் பார்க் நகருக்குக் கொண்டு சென்றனர். 1893-ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சிக்கென டிஃபனி அமைத்த சிறு தேவாலயமும் அவ்வாறே மீட்கப்பட்டு, துண்டு துண்டாகச் சேர்க்கப்பெற்று, 1999-இல் அந்நகரத்து அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. மலர்த்தலைத் தூண்கள் நிற்கும் வாயில் மண்டபம் நியூயார்க்கின் பெருநகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

கிளாரா டிரிஸ்கல் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதக் கட்டுகள் 2005-ஆம் ஆண்டளவில் ஆராய்ச்சியாளர் கண்ணில் பட்டன. அவற்றால் எவ்விளக்கை யார் வகுத்தனர் என்பது தெளிவாயிற்று. 2007-இல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சியில், அவ்விளக்குகளின் அருகே அம்மையாரின் பெயரும் அவருடன் உழைத்த பெண்களின் பெயர்களும் முதன்முறையாக எழுதிவைக்கப்பட்டன.